அழ விடுங்கள், அப்புறம் பாட்டுப் பாடலாம்

சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களை அடக்குவதை நம் சபைகள் நிறுத்த வேண்டும். ஒரு போதகராக இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கமிட்டியில் சிலருக்கு இது பிடிக்காது. அவர்களிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில் சாவு வீடு எப்படி இருக்கும் என்று கீழே சேலத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றாலே இடம் நிறைந்துவிடும். ஐஸ் பெட்டி கீழேயிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வர வேண்டும். அது வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதில் நம் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும் உண்டு, சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து நம் ஆட்கள் ஸ்பீக்கர் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஒயர் இழுத்து, கீபோர்டு மாட்டி, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வேகமான கோரஸ் ஒன்றைத் தொடங்கிவிடுவார்கள். யாராவது ஒரு அக்கா போய் அழுகிறவர் முதுகில் தட்டி, "அழாதீங்கம்மா, கர்த்தர்கிட்டதான போயிருக்காரு, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அம்மாவின் வாய் அதோடு அடைபட்டுப் போகிறது.

ஒரு மார்ச் மாதம், மிளகு பறிக்க ஏறியவர் விழுந்து இறந்துபோனார். இங்கே மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில்தான் ஏற்றி விடுவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாத்திவைத்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உச்சி வரைக்கும் போவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அம்மா பாடிக்கொண்டிருந்தார்.

ஏணியில ஏறிப் போன என்னப் பெத்த ராசா
எறங்கி வர மறந்தியே எங்க போயித் தேடுவேன்
காப்பித் தோட்டம் பூத்திருக்கு கண்ணான ராசா
காண நீ இல்லாம நான் காத்திருந்து என்ன செய்வேன்

கோடை மழை ஒன்று விழுந்து, மலை முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்திருந்த நேரம் அது. அந்த அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். மோனை ஒன்றுகூடத் தப்பவில்லை. மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சேலையின் நிறம், தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் பட்ட கடன், சின்ன வயசில் காய்ச்சலோடு அவனைச் சுமந்துகொண்டு மலை இறங்கியது என்று ஒவ்வொன்றாக வந்தது. சுற்றி இருந்த பெண்கள் ஒவ்வொரு அடி முடிவிலும் சேர்ந்து இழுத்தார்கள். மூப்பர் ஒருவர் பாட்டை ஆரம்பிக்கலாமா என்று என்னிடம் சைகை காட்டினார். மைக்கை அணைக்கச் சொன்னேன். ஆராதனை அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சபைப் பதிவேட்டில் அவரைப் பற்றி என்ன இருக்கும்? பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம். அடக்க ஆராதனையில் நாங்கள் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பும் அதே நாலு வரிதான். அந்த மனுஷனின் முழு வாழ்க்கையையும் அன்றைக்குச் சொன்னது அவருடைய அம்மாவின் ஒப்பாரி.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோதும் இதே மாதிரிதான் நடந்தது. அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விதவைகளெல்லாம் பேதுருவைச் சுற்றி நின்று அழுதுகொண்டே, தொற்காள் உயிரோடிருக்கும்போது தைத்துக் கொடுத்த அங்கிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். "இதைப் பாருங்கள், அவள் கையால் தைத்தது" என்று சொல்லி அழுவதை விட வேறென்ன ஒப்பாரி இருக்கிறது? அதற்கு முந்தின அதிகாரத்தில் ஸ்தேவானை அடக்கம் பண்ணியவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று இருக்கிறது. அப்படி அழுதவர்களை வேதம் தேவபக்தியுள்ளவர்கள் என்றுதான் சொல்கிறது.

இதைச் சொன்னால் உடனே தெசலோனிக்கேயர் நிருபத்தை எடுப்பார்கள். நம்பிக்கையில்லாத மற்றவர்களைப் போல நீங்கள் துக்கப்படக் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்பார்கள். சரி, எழுதியிருக்கிறார். துக்கமே படாதே என்று எங்கே எழுதினார்? உயிர்த்தெழுதலை நம்புகிறவளுக்கும் மகன் படுத்திருந்த பாய் காலியாகத்தான் இருக்கிறது. இன்னும் சிலர் நாயீன் ஊர் விதவையைச் சொல்வார்கள். ஆண்டவரே அவளைப் பார்த்து "அழாதே" என்றாரே என்பார்கள். ஆமாம், சொன்னார். சொன்ன கையோடு கிட்டப் போய்ப் பாடையைத் தொட்டு, பையனை எழுப்பி அம்மா கையில் கொடுத்தார். அப்படிக் கொடுக்க முடிந்தவர் அழாதே என்று சொல்லலாம். கீபோர்டோடு போகும் நமக்கு அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை இல்லை.

எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் சேனைகளின் கர்த்தரே புலம்பற்காரிகளைக் கூட்டி வரச் சொல்கிறார். பழகின ஸ்திரீகளைக் கூப்பிடுங்கள் என்கிறார். அதோடு விடாமல், உங்கள் மகள்களுக்கும் ஓலமிடக் கற்றுக்கொடுங்கள் என்று பெண்களிடம் சொல்கிறார். இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

புலம்பல் புத்தகமும் அப்படித்தான். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் அதன் மூன்றாம் அதிகாரத்து வசனம் கட்டாயம் இருக்கும், கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று. எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அந்த வசனத்துக்கு முன்னால் இரண்டு அதிகாரம் முழுக்க அழுகை இருக்கிறது. அதையும் சும்மா அழவில்லை. எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வசனம் தொடங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். இழந்தவர்கள் தங்கள் துக்கத்தை ஒரு ஒழுங்கில் வைத்துப் பாடியிருக்கிறார்கள். லைன் வீட்டு அம்மா மோனை பிடித்துப் பாடியதும் அதே வேலைதான். அதை அஞ்ஞானிகள் வழக்கம் என்று ஒதுக்க நமக்கு எப்படி மனசு வருகிறது?

சேலத்தில் லண்டன் மிஷன் என்ற வெள்ளைக்கார மிஷனரி சங்கத்தின் வேலை தொடங்கியது 1827ல். கறுப்பு உடை, அடங்கிய குரல், வரிசையான ஊர்வலம் என்று இங்கிலீஷ் அடக்க முறை வெள்ளைக்காரர்களோடுதான் வந்தது. அவர்கள் எல்லோரும் நம் பேச்சுக்குக் காது கொடுக்காதவர்கள் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் புத்தகமாகப் போட்டவர். அவர் 1882ல் இறந்தது இதே ஏற்காட்டில். சாதாரண ஜனங்களின் வாயிலிருந்து வருவதை எழுதி வைக்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்த ஒரு பாதிரியாருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கேயே பிறந்த நாம் அந்த வாயைப் பொத்துகிறோம்.

அடக்கம் முடிந்த பிறகும் இந்த அவசரம் தீர்வதில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே கணவரை இழந்த பெண்ணை எழுப்பி சாட்சி சொல்லச் சொல்கிறோம். அவரும் நடுங்கிக்கொண்டே எழுந்து, ஆண்டவர் என்னைத் திடப்படுத்தினார் என்று நாம் எதிர்பார்க்கும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். வீட்டுக்குப் போனால் சமைக்கக்கூட எழ முடியாமல் கிடப்பவர் அவர். சபையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று அவரை வாழ வைப்பது நாம்தான். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதன் கடைசி வசனத்தில் ஸ்தோத்திரம் கிடையாது. அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. ஒரு விசுவாசி அந்த இடத்திலேயே நின்று ஜெபிக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களுக்காவது ஒப்பாரி இருந்தது. ஆண்களுக்கு அதுவும் இல்லை. மனைவியை இழந்தவர்கள் பந்தல் ஓரமாக நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போவதுதான் போதகரின் முதல் வேலை. நாற்பதாம் நாள் கழித்தும் போக வேண்டும். அப்போது வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

சக போதகர்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆராதனை ஒழுங்கில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். சாவு வீட்டுக்குப் போனதும் மைக்கைப் போடாதீர்கள். பெண்கள் முடிக்கும் வரை ஓரமாக உட்காருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்து இரண்டு விஷயத்தை எடுத்துப் பிரசங்கத்தில் சொல்லுங்கள். அப்புறம் பாமாலை பாடலாம், உயிர்த்தெழுதலைப் பற்றி உரக்கப் பிரசங்கிக்கலாம். காது கொடுத்துக் கேட்பார்கள்.

போன வாரம் எங்கள் சபை அக்கா ஒருவர் கேட்டார்: "ஐயா, கல்லறைத் திருநாளுக்கு எங்கம்மா கல்லறைகிட்ட அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டையே நான் பாடலாங்களா? யாராச்சும் தப்பா சொல்லுவாங்களா?" பாடலாம் அக்கா. நவம்பர் 2ஆம் தேதி ஜெபம் முடிந்ததும் நானே உங்களோடு வந்து நிற்கிறேன். யார் என்ன சொன்னாலும் பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.