சட்டம் போடும் முன் வீட்டையும் பாருங்கள்

அரசாங்கத்தின் குடும்பக் கொள்கை என்றதும் மகப்பேறு விடுப்பு, குழந்தைகளுக்கான உதவித்தொகை, திருமணச் சட்டம் இவைதான் நமக்கு ஞாபகம் வருகின்றன. ஆனால் குடும்பங்களைப் பெரிய அளவில் பிரித்துப் போட்ட விதிகளில் பல, குடும்பம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதப்பட்டவை.

சீனாவின் ஹூகோ முறையைப் பாருங்கள். 1958இல் சட்டமான குடியிருப்புப் பதிவு அது. மக்கள் இஷ்டப்படி ஊர் மாறுவதைக் கட்டுப்படுத்தத்தான் கொண்டுவந்தார்கள். யாருக்கு எந்த ஊரில் பதிவோ, பள்ளி, மருத்துவம் போன்ற உரிமைகளும் அந்த ஊரில்தான். பிறகு கோடிக்கணக்கானவர்கள் கிராமத்திலிருந்து நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆலைக்கு அவர்களின் உழைப்பு வேண்டும். ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்து அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போனார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு மதிப்பிட்டபோது, அப்பாவோ அம்மாவோ, இருவருமோ வெளியூரில் இருக்கக் கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகள் சுமார் 6.1 கோடி. பெற்றோரையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஆனால் இப்படி ஆகுமா என்று கேட்டுப் பார்க்கும் பொறுப்பும் யாரிடமும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நல்ல எண்ணத்தோடு போட்ட சட்டத்துக்கும் இந்தக் கேள்வி வேண்டும். இந்தியாவில் 2017இல் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். மனமார வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வராத பெண்களுக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். அப்பாவுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. அப்படியானால் வேலைக்கு எடுக்கும்போது பெண் என்றால் யோசிப்பார்கள். வீட்டில் குழந்தை முழுக்க அம்மா பொறுப்பு என்பதும் உறுதியாகிவிடும். ஸ்வீடன் 1974லேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொடுத்துவிட்டது. அப்படியும் பெரும்பாலும் அம்மாக்களே எடுத்தார்கள். 1995இல் அப்பா, அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்தை, அவர் எடுக்காவிட்டால் வீணாகும் என்ற நிபந்தனையோடு ஒதுக்கிய பிறகுதான் விடுப்பு எடுக்கும் அப்பாக்கள் வெகுவாகக் கூடினார்கள்.

சரி, முன்கூட்டியே சோதித்துப் பார்க்க யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். அமெரிக்காவில், அரசு விதிகள் குடும்பத்தை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கச் சொல்லி 1987இல் அதிபர் ரீகன் போட்ட ஆணையை 1997இல் அதிபர் கிளின்டன் ரத்து செய்தார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதே மாதிரி ஒரு விதியைச் சட்டத்தில் சேர்த்தது. பிரிட்டன் 2014இல் 'குடும்பச் சோதனை' என்று ஐந்து கேள்விகளை எல்லாத் துறைகளுக்கும் கொடுத்தது. கேள்விகள் நல்லவை. ஆனால் பதிலை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே நாட்டில்தான் 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது, அதற்கடுத்த குழந்தைகளுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான கூடுதல் உதவித்தொகை கிடையாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. வெளியே தெரியாத சோதனையால் எந்த அமைச்சரையும் தடுக்க முடியாது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற ஒரே அச்சை வைத்துக்கொண்டு மற்ற வீடுகளை அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், பேரனை வளர்க்கும் பாட்டி, மாற்றுத்திறனாளித் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எல்லோரும் அந்தக் கணக்கில் வர வேண்டும். இல்லையென்றால் சோதனையே வேண்டாம் என்பேன்.

நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி அறிக்கை இல்லை. ஒவ்வொரு மசோதாவோடும் ஒரு பக்கம், வாக்கெடுப்புக்கு முன்பே எல்லோரும் படிக்கும்படி. அதில் பணத்தைப் போலவே நேரத்தையும் எழுதட்டும். ஒரு மருத்துவமனை நோயாளிகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் அரசுக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வருகிறது. அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் வேலையை விடுகிறார் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. போக்குவரத்துத் துறையும் வீட்டு வசதித் துறையும் இதற்குப் பதில் எழுதட்டும். பேருந்து நேரத்தை மாற்றினாலும் பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு யார் கதவைத் திறப்பது என்பது மாறுகிறதே.