ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் கேம்கள் ஓடாதா?

ஸ்டீம் டெக் என்பது வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கருவி. "ஸ்டீம் டெக்கில் இருப்பது லினக்ஸ். அதில் விண்டோஸ் கேம்கள் ஓடாது; ஓடினாலும் எமுலேட்டர் வழியாக என்பதால் பாதி வேகம்தான் கிடைக்கும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

2022 பிப்ரவரியில் வந்த இந்தக் கருவியின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ், லினக்ஸின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதுவரை சரி. ஆனால் வால்வ் நிறுவனம் 2018-லேயே புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டுவிட்டது. அதன் அடித்தளமான வைன், 1993-இல் தொடங்கிய திட்டம். கேம் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதுதான் இதன் வேலை. விண்டோஸின் கிராஃபிக்ஸ் கட்டளைகளான டைரக்ட்எக்ஸ், லினக்ஸில் ஓடும் வல்கன் கட்டளைகளாக மாறுகின்றன. டெக்கில் இருப்பதும் மேசைக் கணினிகளில் இருக்கும் அதே எக்ஸ்86 வகை ஏஎம்டி சிப்தான். அதனால் கேமின் நிரல் நேரடியாகவே ஓடுகிறது. எமுலேட்டர் போல இன்னொரு சிப்பைப் பாவனை செய்ய வேண்டியதே இல்லை. கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு, பாதி வேகம் போகும் அளவுக்கு இல்லை. சில கேம்கள் விண்டோஸைவிட இதில் சீராக ஓடுவதும் உண்டு.

அப்புறம், உண்மையிலேயே ஓடாதவையும் இருக்கின்றன. வாலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்க அவற்றின் நிறுவனங்கள் வழி செய்யவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடியது. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடியது. இது தொழில்நுட்பத்தின் இயலாமை அல்ல, அந்தந்த நிறுவனங்களின் முடிவு. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு மொத்தமாக 'ஓடாது' என்பது நியாயமில்லை.

அந்த கேம்கள்தான் வேண்டும் என்றால் டெக்கிலேயே விண்டோஸ் நிறுவலாம். அதற்கான டிரைவர்களை வால்வே தருகிறது.