700-ஐ விட எனக்குப் பிடித்த புஹோல்ஸ்

அமெரிக்க பேஸ்பாலில் ஆல்பர்ட் புஹோல்ஸின் கடைசி சீசன் என்றாலே எல்லோரும் 2022 செப்டம்பர் 23-ஐத்தான் பேசுகிறார்கள். டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஒரே இரவில், தன் ஆட்ட வாழ்வின் 699, 700 என்று அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி). அவருக்கு முன் 700-ஐத் தொட்டவர்கள் பேப் ரூத், ஹாங்க் ஆரோன், பாரி பாண்ட்ஸ் மூவர்தான். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டுமே பேசினால், மூத்த வீரருக்கு எடுத்த பிரிவுபசார விழா மாதிரி ஆகிவிடுகிறது அந்த வருஷம். நடந்தது அது இல்லை.

2021 மே மாதம் ஏஞ்சல்ஸ் அணி அவரை வெளியே அனுப்பிவிட்டது. பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 24 கோடி டாலர் என்று பேசி எடுத்த ஆள்! அடுத்த வருஷம் பழைய வீடான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 25 லட்சம் டாலருக்குக் கூப்பிட்டது. வயது 42. ஆட்டத்தை நடத்தும் அணி மேலாளர் ஆலிவர் மார்மோல் இவரைவிட ஆறு வயது சின்னவர். ஃபீல்டிங் நிற்காமல் பேட் மட்டும் பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் விதி அந்த வருஷம்தான் கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீக்கிலும் நிரந்தரமானது. அது இல்லையென்றால் அவருக்கு இடமே கிடைத்திருக்காது.

முதல் பாதி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆறு ஹோம் ரன், பேட்டிங் சராசரி .215, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 215 ஹிட் (அடித்துவிட்டு பேஸைப் பிடிப்பது) என்ற கணக்கு. மே மாதம் ஒரு ஆட்டத்தில் 15-2 என்று முன்னிலையில் இருந்தபோது பந்துவீச்சாளரே இல்லாத அவரைச் சும்மா பந்து வீச விட்டார்கள். நான்கு ரன் கொடுத்தார். ஜூலையில் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் போனதும் கமிஷனர் மரியாதைக்குக் கொடுத்த சிறப்பு இடத்தில்தான். அதற்கு முந்தைய நாள் ஹோம் ரன் டெர்பி என்ற ஹோம் ரன் அடிக்கும் போட்டியில் கைல் ஷ்வார்பரைத் தோற்கடித்தார். நட்சத்திர வீரர்கள் எல்லாம் நடு மைதானத்துக்கு வந்து அவரைச் சூழ்ந்துகொண்டு கட்டிப்பிடித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. சரி, இதோடு முடிந்தது என்றுதான் தோன்றியது.

அப்புறம் வந்ததுதான் ஆகஸ்ட். 18-ஆம் தேதி மாற்று பேட்டராக இறங்கி, மூன்று பேஸிலும் ஆள் நிற்க, கிராண்ட் ஸ்லாம்: ஒரே ஹோம் ரன்னில் நான்கு ரன். என்னைக் கேட்டால் அந்த சீசனின் உச்சம் 22-ஆம் தேதி சிகாகோ ரிக்லி ஃபீல்டில். எதிரிலே பரம வைரி கப்ஸ். இந்தப் பக்கம் கார்டினல்ஸ் பந்துவீச்சாளர் ஜோர்டான் மாண்ட்கோமரி ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து முழு ஆட்டத்தையும் 99 பந்தில் முடிக்கிறார். ஆனால் ஒரு ரன்னாவது வேண்டுமே? ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸில் கப்ஸின் இடதுகைப் பந்துவீச்சாளர் ட்ரூ ஸ்மைலியின் பந்தைத் தூக்கி வெளியே அனுப்பினார் புஹோல்ஸ். அவருடைய 693-ஆவது. முடிவு 1-0. மைல்கல் எண்ணும் இல்லை, விழாவும் இல்லை. அந்த அடி இல்லையென்றால் அந்த ரன்னே இல்லை, அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் மட்டும் 18 ஹோம் ரன். அனுதாபத்தில் யாரும் 18 கொடுக்க மாட்டார்கள்.

700-இல் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை இல்லை. பேஸ்களைச் சுற்றி ஓடிவந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டைத் தொட்ட கையோடு நேரே பின்னாலிருந்த பாதுகாப்பு வலைக்குப் போய், அந்தப் பக்கம் நின்ற பழைய எதிரணி வீரர், சக டொமினிகன் ஏட்ரியன் பெல்ட்ரேயின் கையில் வலை வழியாகவே தட்டினாரே, அதுதான்.

அக்டோபர் 2-ஆம் தேதி சொந்த மைதானத்தில் அவரும் நீண்டநாள் சக வீரர்கள் யாடியர் மொலினாவும் ஆடம் வெயின்ரைட்டும் ஒன்றாக வெளியேறியதைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை. கடைசிக் கணக்கு 703.

பிளே-ஆஃபில் பிலடெல்பியாவின் ஃபில்லிஸ் அணி இரண்டே ஆட்டத்தில் கதையை முடித்தது. இரண்டாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 0-2 பின்தங்கல். புஹோல்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸில் நின்றார். உடனே அவரை எடுத்துவிட்டு வேகமாக ஓடும் இளைஞனை அனுப்பினார் மார்மோல். 22 சீசன் ஆடியவருக்கு இது அவமரியாதை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு மார்மோல் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ரன் தேவைப்பட்ட நேரம், 42 வயதுக் கால்.