நமக்கும் கடல் இருக்குடா தம்பி

"நம்ம ஊர்ல இப்படி ஒரு இடம் இல்லையேக்கா!" தம்பி அனுப்பின வாய்ஸ் நோட். கேட்டதுலேருந்து வயிறு எரியுது.

பய மெல்போர்ன்ல படிக்கிறான். கூடப் படிக்கிற பசங்க எல்லாம் காசு போட்டு வேன் எடுத்துக்கிட்டு, அங்க கடலை ஒட்டிப் போற கிரேட் ஓஷன் ரோடு பாக்கப் போயிருக்காங்க. போகட்டும். வாரம் பூரா காலேஜு, பார்ட் டைம் வேலைன்னு அலையிற புள்ளைங்க. ஆனா 240 கிலோமீட்டருக்கு மேல நீளுற ரோட்டை ஒரே நாள்ல முடிக்கணுமாம். இறங்கு, போட்டோ எடு, ஏறு. நடுவுல பாதிப் பேரு தூக்கம். கடலுக்குள்ள தூண் மாதிரி நிக்கிற பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைங்க முன்னாடி மட்டும் ஆளாளுக்கு போஸ். பேருதான் பன்னிரண்டு, அத்தனை என்னிக்குமே இருந்ததில்ல. 2005ல ஒண்ணு சரிஞ்சப்புறம் எட்டுதான் நிக்குது. எண்ணிப் பாத்தியாடான்னா, "அத எதுக்குக்கா எண்ணணும்"ங்கிறான்.

சரி, அந்த ரோடு தானா முளைச்சதா? முதல் உலகப் போர்லேருந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க, 1919லேருந்து 1932 வரைக்கும் கடப்பாரையும் மண்வெட்டியுமா மலைச்சரிவை வெட்டிப் போட்ட ரோடு. போர்ல செத்த கூட்டாளிங்க நினைவா. நாலு ஜனம் வந்து கடலைப் பாக்கணும்னு அப்பவே கணக்குப் போட்டிருக்காங்க.

வடசென்னையில நமக்கும்தான் ராயபுரத்துலேருந்து எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டியே ரோடு போகுது. யாருக்கு? கன்டெய்னர் லாரிக்கு. துறைமுகத்துக்குள்ள போறதுக்கு டிரெய்லருங்க வரிசை கட்டி நிக்கும், அதுக்கு நடுவுல டூவீலர்காரன் உயிரைக் கையில புடிச்சிக்கிட்டுப் போவான். பக்கத்துலயே கடல். கண்ணுல படுறது கருங்கல்லுதான்.

அந்தக் கல்லு ஏன் வந்துச்சுன்னு தெரியுமா? நம்ம கரையில மணல் வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்கேருந்து வடக்கே நகரும். 1870கள்ல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் நீட்ட ஆரம்பிச்சாங்க. வந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கிடுச்சு. மெரினா அகலமாயிக்கிட்டே போச்சு. வடக்கே வரவேண்டிய மணல் வராம, எங்க கரையைக் கடல் அரிச்சுத் தின்னுச்சு. மெரினாவுல சுண்டல் தின்னுக்கிட்டே "எம்மாம் பெரிய பீச்சு"ன்னு வாயப் பொளக்கிறீங்களே, அதுல எங்க மணலும் இருக்கு சாமி.

அவங்க ஊர்லயும் கடல் அரிக்குது. 1990ல லண்டன் பிரிட்ஜ்னு ஒரு பாறை வளைவு இடிஞ்சு விழுந்து, நுனியில மாட்டிக்கிட்ட ரெண்டு பேரை ஹெலிகாப்டர்ல தூக்குனாங்க. அது இயற்கை. இங்க கரையை அரிக்க விட்டது மனுசன் கட்டுன சுவரு. வீடு, தெருன்னு கடலுக்குள்ள போச்சு. அதுக்கு வைத்தியம் கல்லு கொட்டுறது, கல்லை அடுக்கிக் கடலுக்குள்ள நீட்டுற தூண்டில் வளைவு போடுறது. வளைவுக்குப் பக்கத்துல கொஞ்சம் மணல் சேரும், அந்தாண்ட மறுபடி அரிக்கும், மறுபடி கல்லு. கட்டுமரம் ஏத்தி வச்ச கரையில இப்ப கால் வைக்கவே வழுக்குது.

இதுல அனல் மின் நிலையத்துச் சாம்பல், புகை, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்ச எண்ணெய் வேற. மீனவங்க வாளியிலயும் மக்குலயும் அள்ளுனாங்களே, அந்த போட்டோவை எவனாச்சும் ஸ்டேட்டஸ்ல வச்சானா?

எங்கம்மா பொறந்ததுலேருந்து இந்தக் கரையிலதான் இருக்குது. முட்டி வலி. கல்லு மேல ஏறி கடலைப் பாக்க முடியாது. நம்ம பக்கம் கடல்லேருந்து சூரியன் உதிக்கும், அத உக்காந்து பாக்க ஒரு பெஞ்சு கிடையாது. தெற்கே பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போன்னு யோசனை சொல்றாங்க. கடலோரத்துல குடியிருந்துக்கிட்டு, கடலைப் பாக்க ஊரைத் தாண்டி ஆட்டோவுக்குக் காசு குடுக்கணுமா?

எட்டுப் பாறையெல்லாம் யாரும் கேக்கல. லாரி நிக்காத அரை கிலோமீட்டர், கைப்பிடி வச்ச ஒரு நடைபாதை, நாலு பெஞ்சு, பொம்பளைங்க நம்பிப் போற மாதிரி ஒரு கக்கூஸ். பாலம் கட்ட, ரோடு அகலமாக்கன்னு லாரிக்காக அத்தனை டெண்டர் விடுறீங்க, இதுக்கு ஒண்ணு விட்டா என்ன கெட்டுப்போகும்?