கார்டீலியாவின் மேல் பழி வேண்டாம்

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் லியர் அரசனின் அழிவுக்குக் கடைசி மகள் கார்டீலியாவின் பிடிவாதமே காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. என்மேல் யாருக்கு அதிக அன்பு என்று அவர் மகள்களைக் கேட்டபோது, அப்பாவுக்காக இரண்டு நல்ல வார்த்தை பேசியிருக்கலாமே என்பது வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்பை அளந்து நிலம் பிரிக்கலாம் என்று தொடங்கியது லியரல்லவா?

இரண்டாம் அங்கத்தின் முடிவைப் பாருங்கள். நாட்டை மூத்த மகள்கள் இருவருக்கும் கொடுத்தபோது, தன்னுடன் 100 வீரர்கள் இருப்பார்கள் என்பதுதான் லியர் போட்ட நிபந்தனை. மூத்தவள் கானரில் அதை 50 ஆக்குகிறாள். இரண்டாம் மகள் ரீகனிடம் போனால் 25 போதும் என்கிறாள். உடனே கிழவர் கானரிலிடம் திரும்பி, உன் 50 இவளுடைய 25-ஐப் போல இரு மடங்கு, அப்படியானால் உன் அன்பும் இரு மடங்கு என்கிறார்! இவ்வளவு பட்டும் அதே கணக்கு. அப்புறம் 10, 5 என்று இறங்கி, ஒருவர்தான் எதற்கு என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அந்த இடத்தை எப்போது படித்தாலும் தொண்டை அடைத்துவிடும்.

கார்டீலியா இறந்துபோகும் முடிவு தாங்க முடியாத சோகம் என்று கட்டுரை சொல்வதும் சரிதான். 1681-இல் நாடகாசிரியர் நாஹும் டேட் அதை மாற்றி, கார்டீலியாவைப் பிழைக்க வைத்து நாடகத்தில் வரும் பிரபுவின் மகன் எட்கருக்கு மணமுடித்தார். லியருடன் வரும் அரசவைக் கோமாளியையே நீக்கிவிட்டார். இங்கிலாந்து மேடைகளில் ஒன்றரை நூற்றாண்டு அதுதான் ஓடியது; 1838-இல் நடிகர் மெக்ரெடிதான் கோமாளியை மீட்டுக் கொண்டுவந்தார். ஆனால் ஷேக்ஸ்பியரின் மூலத்தில் இறந்த மகளை ஏந்திக்கொண்டு, இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள் என்று அரசர் பணிவாகக் கேட்டு, ஐயா என்று நன்றி சொல்கிறாரே, அது டேட்டின் நாடகத்தில் இல்லை.