வாலிபால் கோர்ட்டில் விசா கேட்கிறவர்களுக்கு

நம்ம ஊர் வாலிபால் கோப்பை செமி ஃபைனலில் இலங்கை அகதிகள் முகாம் பையனை வெளியே உட்கார வைத்த கதை எல்லாருக்கும் தெரியும். மறுபடி எழுதப் போவதில்லை. ஆனால் குரூப்பில் ஒரு அண்ணன் "இந்தியா என்ன தர்ம சத்திரமா?" என்று போட்டாரே, அதை விட முடியவில்லை. அது அவர் சொந்தச் சரக்கும் இல்லை. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வந்த பேச்சு.

அண்ணே, அவன் எங்கிருந்தும் வரவில்லை. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தான், நம்ம பிள்ளைகளோடு படித்தான். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவன். பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலே பிறப்பால் குடியுரிமை கிடையாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் மூன்று நாடுகள் உண்டு, இலங்கை இல்லை. 2021-ல் அகதிகள் முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்லது, போர்டு புதுசு.

"நாங்க விசா எடுத்து முறையாப் போறோம்" என்பீர்கள். என் அப்பாவும் முறையாகத்தான் குவைத் போனார். 1990 ஆகஸ்டில் சதாம் படை நுழைந்தபோது பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில், முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஈராக் வழியாக பஸ், ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரம். தண்ணீர் லாரி நிற்பதற்குள் ஓடிப்போய்த் தொங்கி பாட்டில் நிரப்பியதைச் சொல்வார், மற்றதைச் சொல்ல மாட்டார். அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. ஜோர்டான் என்ன தர்ம சத்திரமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"அவருக்குத் திரும்பி வர நாடு இருந்ததே?" அதைத்தானே நானும் சொல்கிறேன்! இவனுக்கு எது?

பாதுகாப்பாம். முகாம்களைக் கண்காணிக்கிற போலீஸ் பிரிவான கியூ பிராஞ்ச் பதிவேட்டில் அந்தக் குடும்பமே இருக்கிறது, உங்கள் பெயரும் என் பெயரும் இல்லை. விடுங்கள்.

வெளி ஆள் ஆடக்கூடாது என்று விதி இருக்கிறது, எதிர் டீம் ஆட்சேபித்தது என்பது மட்டும் கொஞ்சம் நியாயமான பேச்சு. போன வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்கினீர்களே, அப்போது அந்த விதி எந்த விளையில் மேயப் போயிருந்தது?

அந்தக் கமென்டுக்கு ஹார்ட் போட்டவர்களில் என் மச்சானும் இருக்கிறான். தோஹாவில் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு போட்டிருக்கிறான். அவனிடம் என்ன பேச? அவன் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியதே அந்தப் பையனின் அப்பாதான், கூலியில் பாதியை இன்னும் கொடுத்தபாடில்லை.

கமிட்டிக்கு ஒன்று. நோட்டீஸின் பின்பக்கம் நன்கொடையாளர் வரிசையைப் பாருங்கள்: குவைத், சவுதி, கத்தார், மஸ்கட். அதில் என் பெயரை அடித்துவிடுங்கள். இந்த வருஷம் கோப்பைக்கு என் பணம் வராது.