மூன்று நிறம், ஒரே கூட்டுத்தொகை: மாஸ் எஃபெக்ட் முடிவு பற்றி

ஸ்டீம் கேம் கடையில் மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன் (பயோவெயார் செய்த மூன்று பாக விண்வெளிக் கேமின் தொகுப்பு) விலை விழும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி வருகிறது. "முடிவு அவ்வளவு மோசமா அண்ணா? 120 ஜிபி இறக்குவது வீண்தானா?" வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இன்பொக்ஸில் கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இத்தோடு நிறுத்துங்கள்: வீண் இல்லை, நடுச்சாமத்து டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். மற்றவர்கள் வாருங்கள், கதை முழுவதையும் உடைக்கப் போகிறேன். நாம் ஆடுவது நோர்மண்டி என்ற கப்பலின் தளபதி ஷெப்பர்டாக; எதிரி, உயிர்களை அறுவடை செய்யும் ரீப்பர் என்ற இயந்திரங்கள்; நம் முடிவுகள் ஒரு பாகத்திலிருந்து அடுத்ததற்குத் தொடரும்.

முதலில் ஒரு பொய்யைத் தள்ளி வைப்போம். ஷெப்பர்ட் சாவதைத் தாங்க முடியாமல்தான் 2012இல் ரசிகர்கள் கத்தினார்கள் என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். இல்லை. மூன்றாம் பாகம் தொடங்கும்போதே இந்த ஆள் திரும்பப் போவதில்லை என்று அரைவாசிப் பேருக்கு விளங்கியிருந்தது. ஷெப்பர்டின் அணியிலிருந்த மோர்டின் செத்தபோது யாரும் மனு எழுதவில்லை. துச்சாங்கா கிரகத்துக் கோபுரத்தின் உச்சியில் அந்தக் கிழட்டு விஞ்ஞானி தன் பிழையைத் தானே திருத்திவிட்டுப் போன காட்சியைத் தொடரின் சிறந்த காட்சி என்றுதான் எல்லோரும் கொண்டாடினார்கள். கோபம் சாவில் இல்லை, கணக்கில்.

கணக்கு என்றால் என்ன என்று விளங்க இரண்டாம் பாகத்தின் கடைசி மிஷனுக்குப் போக வேண்டும். 2010இல் வந்த அந்த 'சூசைட் மிஷன்' போல ஒன்றை பயோவெயார் அதற்குப் பிறகு செய்யவே இல்லை என்பது என் கட்சி. ஷெப்பர்டின் அணி கலெக்டர் என்ற எதிரிகளின் தளத்துக்குள் பாயும் மிஷன் அது. கப்பலுக்குக் கவசம் வாங்காமல் போனால் அணியில் ஜாக் செத்துவிடுவாள். தளத்தின் கதவைத் திறக்கக் குழாய்க்குள் அனுப்ப டாலி, லீஜன், கசூமி மூவரில் ஒருவர் வேண்டும். அவருடைய லோயல்ட்டி மிஷனும் (அவரது விசுவாசத்தைப் பெறும் தனி மிஷன்) முடிந்திருக்க வேண்டும். வெளியே அணியை நடத்த கேரஸ், மிராண்டா, ஜேக்கப். இங்கே பிழையான தலைவரைப் போட்டால் சாவது தலைவர் இல்லை, குழாய்க்குள் போனவர். இந்த நுணுக்கத்தைப் பாருங்கள்: நீங்கள் ஒருவரைத் தவறாக எடைபோட்டதற்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார். அடுத்து, பயோட்டிக் (மன ஆற்றல் உள்ளவர்) ஒருவர் பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க எழுப்பும் குமிழி. எந்த பயோட்டிக்கும் செய்யலாம் என்று மிராண்டா சொல்வாள். அதை நம்பி அவளையே போட்டால் உங்கள் பக்கத்தில் நடந்து வந்த ஒருவரைப் பூச்சிக் கூட்டம் தூக்கிக்கொண்டு போகும். ஜாக் அல்லது சமாரா, அதுவும் லோயலாக இருந்தால் மட்டும்.

கடைசியில் வாசலைக் காக்க நிற்பவர்களுக்கு கேம் ஒரு கூட்டல் போடுகிறது. கிரண்ட், ஸயீட், கேரஸ் ஆளுக்கு 4. டாலி, மோர்டின், ஜாக், கசூமி ஆளுக்கு 1. மற்றவர்களுக்கு 2. லோயல்ட்டி இல்லாதவருக்கு ஒன்று குறையும். மொத்தத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கும். ஐந்து பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது சராசரி 2 வந்தால் எல்லோரும் தப்புவார்கள். வராவிட்டால் சாவு வரிசையில் முதல் பெயர் மோர்டின். அதனால்தான் கலெக்டர்கள் கடத்திப்போய் நாம் மீட்ட கப்பல் மாலுமிகளுக்குத் துணையாக மோர்டினைக் கப்பலுக்கு அனுப்பச் சொல்வது. அதற்கும் அவருடைய லோயல்ட்டி முடிந்திருக்க வேண்டும். பலமான மூவரில் இருவரை ஷெப்பர்டோடு கூட்டிக்கொண்டு போய்விட்டு, பின்னால் பலவீனமானவர்களை நிறுத்துவதுதான் பலர் விடும் பிழை. மாலுமிகள் விஷயமும் அப்படித்தான். அவர்கள் கடத்தப்பட்டவுடனே அந்தத் தளத்துக்குப் போகும் ஒமேகா 4 ரிலேக்குள் (ரிலே என்பது விண்வெளியில் தூரம் தாவ வைக்கும் வாசல்) போனால் எல்லோரும் உயிரோடு கிடைப்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று மிஷன் வரை தாமதித்தால் பாதிப் பேர். அதற்கும் மேலே போனால் கப்பல் டொக்டர் சக்வாஸ் மட்டும்.

இதுவும் வெறும் எண்தானே என்று கேட்கலாம். எண்தான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆளைப் பற்றியது. யாரை எங்கே நிறுத்தினாய், ஏன் என்று கேட்கிற எண்.

மூன்றாம் பாகம் அந்தப் பற்றுக்கொப்பியை மூடிவிட்டு உண்டியலைத் திறந்தது. 'வோர் அசெட்ஸ்' (போர் வளங்கள்) என்று ஒரு திரை. ஐந்து வருடத்தில் செய்த எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கூட்டினார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் கலெக்டர் தளத்தை அழிப்பதா, செர்பரஸ் என்ற இரகசிய அமைப்பின் கையில் கொடுப்பதா என்று ஆட்கள் விடிய விடிய சண்டை பிடித்தார்கள். மூன்றாம் பாகத்தில் அதன் பெறுமதி தெரியுமா? அழித்திருந்தால் 'ரீப்பர் இதயம்', 100. கொடுத்திருந்தால் 'ரீப்பர் மூளை', 110. அந்தச் சண்டைக்கு விலை பத்து. ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணியை முதற்பாகத்தில் கொன்றிருந்தால் ரீப்பர்கள் செயற்கையாக இன்னொரு ராணியைச் செய்து அதே குகையில் வைத்திருப்பார்கள். ஷெப்பர்டின் முன்னாள் தளபதி அண்டர்சனை கவுன்சிலராக்கியிருந்தாலும் மூன்றில் அந்தக் கதிரையில் அரசியல்வாதி உடினாதான். இவையெல்லாம் வெளிவந்த அன்றே கண்ணில் பட்டன; துச்சாங்கா, ரன்னோக் கிரகங்களின் கதைகள் அத்தனை நன்றாக இருந்ததால் மன்னித்தோம்.

இங்கே கொழும்பில் ஆடியவர்களுக்கு இன்னொரு அடி விழுந்தது. அதைப் பற்றி வெளிநாட்டுக் கட்டுரைகளில் யாரும் எழுத மாட்டார்கள். உண்டியலில் சேர்ந்த மொத்தத்தை 'கலக்டிக் ரெடினஸ்' என்ற வீதத்தால் பெருக்கித்தான் கடைசிப் பலம் வரும். அந்த வீதம் 50இல் தொடங்கும். ஏற்ற வேண்டுமென்றால் மல்ட்டிபிளேயர் (பிறரோடு ஒன்லைனில்) ஆட வேண்டும். ஆடாமல் விட்டால் நாளுக்கு நாள் திரும்ப இறங்கும். இங்கே அப்போது கைமாறியதில் பெரும்பகுதி கிராக் செய்த டிவிடி. அதில் மல்ட்டிபிளேயர் கிடையாது. செக்கண்ட்ஹேண்ட் டிஸ்க் வாங்கிய கொன்சோல்காரருக்குத் தனியாக ஒன்லைன் பாஸ் வாங்க வேண்டியிருந்தது. ஆக ஒரு மூலை விடாமல் ஸ்கேன் செய்து 7,000 சேர்த்தாலும் கையில் நிற்பது 3,500. ஷெப்பர்ட் இடிபாட்டுக்குள் ஒரு மூச்சு இழுக்கிற அந்தச் சில விநாடிக் காட்சிக்கு, அண்டர்சனை செர்பரஸ் தலைவர் இல்லூசிவ் மேனிடமிருந்து காப்பாற்றியிருந்தால் 4,000, இல்லாவிட்டால் 5,000. எப்படிப் புரண்டாலும் எட்டாது. மல்ட்டிபிளேயர் ஆடாமலே சிறந்த முடிவு கிடைக்கும் என்று வெளியீட்டுக்கு முன் சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

சரி, அந்தக் கடைசிப் பத்து நிமிடம். சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்தின் உச்சியில் ஒரு சிறுவன் உருவம் வந்து, இயந்திரங்கள் எப்போதும் தங்களைப் படைத்தவர்களை அழிக்கும், அதனால்தான் 50,000 வருடத்துக்கொரு முறை அறுவடை என்கிறது. ரன்னோக்கில் கெத் என்ற இயந்திரங்களுக்கும் அவற்றைப் படைத்த குவாரியன்களுக்கும் சமாதானம் செய்து வைத்தவர் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தச் சமாதானம் சும்மா வந்ததில்லை: குவாரியனான டாலியும் கெத்தான லீஜனும் உயிரோடிருக்க வேண்டும், டாலி நாடுகடத்தப்படாமல் இருந்ததும், இரண்டாம் பாகத்தில் அவர்களுக்கிடையே வந்த சண்டையைத் தீர்த்ததும் ரீப்பர் பக்கம் சேர்ந்த ஹெரட்டிக் கெத்தை என்ன செய்தோம் என்பதும் கணக்கில் வரும், குவாரியன் அட்மிரல் கோரிஸைக் காப்பாற்றியதும் வரும். இரண்டு கேம் தூரம் இழுத்த தேர் அது. ஆனால் அந்தச் சிறுவனிடம் "நேற்றுத்தான் நான் அதைப் பொய்யாக்கிவிட்டு வந்தேன்" என்று சொல்ல ஒரு டயலொக் வரி கூட இல்லை. முதற்பாகத்தில் வில்லன் சாரனையே பேசிப் பேசித் தன்னைத் தானே சுட வைத்த வாய்க்கு இங்கே பூட்டு. பிறகு மூன்று தெரிவு: சிவப்பை எடுத்தால் ரீப்பரோடு கெத்தும் கப்பலின் செயற்கை அறிவான ஈடியும் சேர்ந்து போகும். நீலம் என்றால் கட்டுப்பாடு, பச்சை என்றால் கலப்பு. மூன்றிலும் அதே வீடியோ, ஒளியின் நிறம் வேறு.

அதற்குள்ளேயும் ஓட்டைகள். மாஸ் ரிலே வெடித்தால் அந்தச் சூரிய மண்டலமே சாம்பல் என்று 'அரைவல்' டிஎல்சியில் (பிறகு தனியாக விற்ற கூடுதல் பகுதி) அவர்களேதான் சொன்னார்கள். மூன்று இலட்சம் பட்டாரியன்கள் அப்படித்தான் செத்தார்கள். இங்கே எல்லா ரிலேயும் வெடிக்கிறது, யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. லண்டனில் உங்களோடு ஓடி வந்த கேரஸ் அடுத்த காட்சியில் நோர்மண்டிக்குள்ளிருந்து இறங்கி வருகிறார். இதற்கெல்லாம் மேலாக, கிரெடிட்ஸ் முடிந்ததும் ஷெப்பர்டின் புகழை வளர்க்க டிஎல்சி வாங்குங்கள் என்கிற மாதிரி ஒரு பெட்டி. சாவீட்டில் ரஃபிள் டிக்கட் விற்பதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

ரசிகர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது கப்கேக் விஷயம். எட்மண்டனில் உள்ள பயோவெயார் ஸ்டூடியோவுக்கு 400 கப்கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை ஐசிங். கடித்துப் பார்த்தால் எல்லாமே வனிலா. இதைவிடச் சுருக்கமான விமர்சனம் யாராலும் எழுத முடியாது. முடிவை மாற்றக் கேட்ட 'ரீடேக்' இயக்கக்காரர்கள் சைல்ட்ஸ் பிளே தர்ம நிதிக்கு 80,000 டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்ததும் உண்மை. அதைத் தவிர்த்து வசவுகளை மட்டும் நினைவு வைத்திருப்பது நியாயமில்லை. வசவும் இருந்தது, மறுக்கவில்லை. எழுத்தாளர்களைத் தேடிப்போய்த் திட்டியவர்களால்தான் நல்ல கேள்விகளும் எடுபடாமல் போயின.

2012 ஜூன் 26இல் முடிவை நீட்டிய எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வந்தது. ரிலே சிதையாமல் சேதமடைந்தது என்றார்கள், நோர்மண்டி வந்து ஆட்களை ஏற்றும் காட்சி ஒன்றைச் செருகினார்கள், மூச்சுக் காட்சிக்கான எல்லையை 3,100க்கு இறக்கினார்கள். மூன்றையும் மறுக்கும் நான்காவது முடிவும் வந்தது. ஓட்டைக்குச் சாந்து பூசினார்கள், சரி. அந்தச் சிறுவன் அங்கேயே நின்றான்.

இப்போது லெஜண்டரி எடிஷனில் ஆடுபவர்களுக்கு. மல்ட்டிபிளேயர் முற்றாக இல்லை, ரெடினஸ் தொல்லையும் இல்லை. எல்லையை மட்டும் ஏழாயிரத்துக்கு மேலே ஏற்றியிருக்கிறார்கள். மூன்று பாகத்தையும் ஒரே சேவ்வில் தொடர்ந்து ஆடி, பக்க மிஷன்களையும் செய்தால் பிரச்சினையில்லாமல் வரும். மூன்றிலிருந்து நேரே தொடங்காதீர்கள். பழைய சேவ் இல்லாவிட்டால் முதற்பாகத் தோழர் ரெக்ஸ் இயல்பாகவே செத்துக் கிடப்பார், துச்சாங்காவின் பாதி ருசி போய்விடும். ஜாவிக் என்ற அணிக்காரரை ஆரம்பத்திலேயே எடுத்து தெசியா கிரகத்துக்குக் கூட்டிப் போங்கள். கிரிசம் அகாடமி மிஷன் அறிவிப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். பிந்தினால் ஜாக்கை செர்பரஸ் தளமான க்ரோனோஸில் எதிரியாகச் சந்திப்பீர்கள். லெவயதன் டிஎல்சியைக் கட்டாயம் ஆடுங்கள், அந்தச் சிறுவன் யார் என்பதற்குக் கொஞ்சமாவது அத்திவாரம் அங்கேதான் இருக்கிறது. இல்லூசிவ் மேனைக் கடைசியில் பேச்சால் மடக்க வேண்டுமென்றால் மார்ஸ், தெசியா, க்ரோனோஸ் மூன்றிலும் அவரோடு பேசும்போது நீல அல்லது சிவப்பு டயலொக் வரிகளை ஒன்றும் விடாமல் எடுத்திருக்க வேண்டும்.

சிட்டாடல் டிஎல்சியை மட்டும் கடைசிவரை வைத்திருங்கள். ஹொரைசன் மிஷன் முடிந்து க்ரோனோஸுக்குப் போகமுன் ஆடினால் அந்த விருந்துக்கு உயிரோடிருக்கும் எல்லோரும் வருவார்கள். பிசியில் ஆடுபவர்களுக்கு, சிறுவன் காட்சியையே வெட்டிவிடும் ரசிகர் மோட்களும் (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்புகள்) உண்டு. எம்ஈ3ட்வீக்ஸ் மோட் மெனேஜரில் முதலில் பெக்கப் எடுத்துவிட்டு, கடைசி மிஷனைத் தொடங்க முன்னரே போட வேண்டும்.

மோட்டும் வேண்டாம் என்பவர்கள், சிட்டாடலுக்குள் அண்டர்சனும் ஷெப்பர்டும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து பூமியைப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தோடு கேமை மூடிவிடுகிறார்கள். அட்மிரல் ஹக்கெட் ரேடியோவில் கூப்பிடுவதற்கு முன்னால். அதுதான் சரியான இடம் என்று நினைக்கிறேன்.